வலமும் இடமும் பிரியாத மணல்: மணவாளக்குறிச்சி மணல் பிரிப்பு வரலாறும் கேட்கப்படாத ஒரு கேள்வியும்

முன்னுரை

தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்த நாட்களில் கன்னியாகுமரி மாவட்டத்தின் முட்டம் முதல் குளச்சல் வரையிலான கரையில் மணல் ஒரே நிறமாக இருப்பதில்லை. வெண்மணலின் மேல் கருமணல் பட்டை பட்டையாகப் படிந்திருக்கும்; சில இடங்களில் அதன் ஓரத்தில் கார்னெட்டின் செந்நிறம் தெரியும். கருமைக்குக் காரணம் இல்மனைட். அதனுடன் ரூட்டைல், சிர்கான், மோனசைட், கார்னெட், சில்லிமனைட் ஆகியவையும் கலந்திருக்கின்றன. இந்த ஆறு கனிமங்களோடு எங்கும் நிறைந்திருப்பது குவார்ட்ஸ் என்னும் சாதாரண வெண்மணல். பெரும்பாலான மணிகள் அரை மில்லிமீட்டருக்கும் சிறியவை. இந்த ஏழையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து எடுக்கும் தொழில் மணவாளக்குறிச்சியில் நூறாண்டுகளுக்கும் மேலாக நடந்து வருகிறது.

இந்தத் தொழிலைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் தோரியத்தின் அரசியலையோ, ஏற்றுமதிக் கணக்கையோ, கரையோர மக்களின் உடல்நலக் கவலையையோ பேசுகின்றன. அவை அனைத்தும் பேசப்பட வேண்டியவையே. ஆனால் அவற்றுக்கெல்லாம் அடியில் இருக்கும் பிரிப்பு என்ற செயலின் வரலாறு தனியாக ஆராயப்படுவது அரிது. இரண்டு மணிகளை எந்திரம் எப்படி வேறுபடுத்துகிறது? எந்த வேறுபாடு எப்போது பயன்பாட்டுக்கு வந்தது? எந்த வேறுபாடு இன்றுவரை தொடப்படாமல் இருக்கிறது? இந்த மூன்றுமே இக்கட்டுரையின் வினாக்கள். மூன்றாவது வினாவுக்கான விடை, ஆலை கழிவென்று ஒதுக்கும் குவார்ட்சிலேயே இருக்கிறது. குவார்ட்ஸ் படிகங்களில் வலஞ்சுழி, இடஞ்சுழி என இரு வகை உண்டு. நூறாண்டுப் பிரிப்புத் தொழில் அந்த இரண்டையும் ஒரே குவியலில்தான் கொட்டி வந்திருக்கிறது.

1. கரை செய்த முதல் பிரிப்பு

மணலின் தொடக்கம் மலையில். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்முனையில் உள்ள சார்னோகைட், கோண்டலைட், லெப்டினைட் பாறைகள் வெயிலிலும் மழையிலும் சிதைந்து, எளிதில் உடையாத மணிகளை மட்டும் மிச்சம் விடுகின்றன. கடியபட்டணத்தருகே கடலில் கலக்கும் வள்ளியாறும், மணக்குடியில் கலக்கும் பழையாறும், தேங்காப்பட்டணத்தில் கலக்கும் குழித்துறைத் தாமிரபரணியும் அவற்றைக் கடலில் சேர்க்கின்றன.

ஆறு கொண்டுவந்த கலவையை அலை பிரிக்கிறது. கரையேறும் அலைக்கு வேகம் அதிகம். எல்லா மணியையும் அது மேலே தள்ளும். திரும்பி வடியும் நீருக்கு அந்த வலு இல்லை. இலேசான மணியை மட்டுமே இழுத்துச் செல்ல முடியும். குவார்ட்சின் அடர்த்தி 2.65, இல்மனைட்டின் அடர்த்தி ஏறத்தாழ 4.7, மோனசைட்டின் அடர்த்தி 5 அளவில். சூன் முதல் செப்டம்பர் வரை ஓயாது அடிக்கும் அலை ஆயிரமாயிரம் முறை இதையே செய்யும்போது குவார்ட்ஸ் கடலுக்குள் போகிறது, கனமணல் கரையில் தங்குகிறது. மணவாளக்குறிச்சிக் கரையில் அள்ளிய இடத்திலேயே அடுத்த பருவத்தில் மீண்டும் கருமணல் ஒதுங்குவதற்குக் காரணம் இதுதான்.

நெல் விளையும் நாஞ்சில் நாட்டில் இதே தத்துவம் வீட்டு முற்றத்திலும் வழங்கியது. சுளகில் தானியத்தைப் புடைக்கும் பெண் பதரைக் காற்றில் பறக்கவிடுகிறாள். கொழிக்கும்போது கல்லையும் மணியையும் இருவேறு பக்கம் ஒதுக்குகிறாள். எடை, வடிவு, அசைவின் திசை ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் கையாளும் திறமை அது. பின்னாளில் ஆலைக்கு வந்த அதிர்வு மேசைகள் அந்தத் திறமையின் ஒரு பகுதியையே எந்திரமாக்கின.

2. கயிற்றோடு கப்பலேறிய மணல்: 1909–1922

ஐரோப்பாவில் 1880களில் கார்ல் அவுயர் ஃபான் வெல்ஸ்பாக் கண்டுபிடித்த எரிவாயு விளக்கு வலை மோனசைட்டுக்குச் சந்தையை உருவாக்கியது. தோரியம் ஆக்சைடு 99 விழுக்காடும் சீரியம் ஆக்சைடு 1 விழுக்காடும் கொண்டதாக 1891இல் மேம்படுத்தப்பட்ட அந்த வலை, எரிவாயுச் சுடரில் வெண்மையாக ஒளிர்ந்தது. தோரியத்துக்கு மூலம் மோனசைட். பிரேசில் நாட்டுக் கடற்கரைகளே அப்போது அதன் முக்கிய ஊற்று.

திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை ஜெர்மானிய வேதியியலாளர் ஷோம்பெர்க் 1909 வாக்கில் கண்டறிந்தார். மணலின் வழியைத் தேடி வந்த அவர் மணவாளக்குறிச்சியில் முதல் பிரிப்பு ஆலையை நிறுவினார். பிறகு சவறையிலும் ஆலை எழுந்தது. திருவிதாங்கூர் மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு 8 முதல் 10 விழுக்காடு வரை இருந்தது. பிரேசில் மணலைவிட இது வளமானது. இந்தியப் புவியியல் அளவைத் துறையைச் சேர்ந்த ஜி. எச். டிப்பர் 1914இல் திருவிதாங்கூர் மோனசைட் மணல் பற்றித் துறையின் பதிவேட்டில் எழுதினார். அதே ஆண்டு உலகப்போர் மூண்டதும் ஷோம்பெர்க்கின் காலம் முடிந்தது. மணல் தொழில் பிரித்தானியக் கம்பெனிகளின் கைக்குப் போனது.

மோனசைட்டைப் பிரிக்க அடர்த்தி மட்டும் போதாது என்பதே இக்காலத்தின் முக்கியமான பாடம். இல்மனைட், சிர்கான், மோனசைட் மூன்றும் அடர்த்தியில் நெருங்கியவை. அலையும் நீரோட்டமும் மூன்றையும் ஒன்றாகவே விட்டுவிடும். வேறொரு பண்பு தேவைப்பட்டது. அமெரிக்காவில் ஜான் பிரைஸ் வெதரில் 1896இல் காப்புரிமை பெற்ற வலிமைமிகு மின்காந்தப் பிரிப்பான் அதைத் தந்தது. அதற்கு முன் காந்தத்தால் பிரிக்க முடிந்தது மேக்னடைட் போன்ற வலிய காந்தப்பொருளை மட்டுமே. வெதரில் காந்தப்புலத்தைக் கூர்முனையில் குவித்தபோது, இல்மனைட், கார்னெட், மோனசைட் போன்று காந்தத்துக்கு மிக மெல்ல இசையும் மணிகளும் வெவ்வேறு புலவலிமையில் தனித்தனியே எழுந்து வந்தன. இரண்டு மணிகளின் எடை ஒன்றாக இருந்தாலும் காந்தத்திடம் அவை ஒன்றல்ல என்பது தொழிலுக்கு உதவத் தொடங்கியது இப்படித்தான்.

3. கழிவும் சரக்கும் இடம் மாறிய காலம்: 1922–1965

ஷோம்பெர்க் காலத்து ஆலைக்கு வேண்டியது மோனசைட். இல்மனைட் அதற்கு இடைஞ்சல். மின்விளக்கு பரவப் பரவ எரிவாயு வலையின் சந்தை சுருங்கியது. அதே நேரத்தில், நச்சுத்தன்மை உள்ள ஈய வெள்ளைக்கு மாற்றாக டைட்டானியம் வெள்ளை வண்ணத் தொழிலில் நுழைந்தது. அதன் மூலப்பொருள் இல்மனைட். 1922 முதல் திருவிதாங்கூர் இல்மனைட் ஏற்றுமதியானது. 1930களில் உலகச் சந்தைக்கான இல்மனைட்டில் பெரும்பங்கு இக்கரையிலிருந்தே போனது. குளச்சல் அந்த மணலைக் கப்பலேற்றிய துறைகளுள் ஒன்று. பத்தாண்டுகளுக்கு முன் ஒதுக்கிய கருமணல் சரக்காயிற்று, மோனசைட் துணைப்பொருளாயிற்று.

1940களில் நிலைமை மீண்டும் திரும்பியது. அணு ஆற்றலின் வருகையோடு தோரியம் போர்த்தந்திரப் பொருளாகி, மோனசைட் ஏற்றுமதி அரசின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 1950 ஆகஸ்ட் 18இல் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. மோனசைட்டை வேதிமுறையில் பகுக்கும் ஆலுவா ஆலை 1952 டிசம்பரில் தொடங்கப்பட்டது. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபோது மணவாளக்குறிச்சி தமிழ்நாட்டு எல்லைக்குள் வந்தது. சவறையும் ஆலுவாவும் கேரளத்தில் நின்றன. 1963இல் நிறுவனம் அணுசக்தித் துறையின் முழுப் பொறுப்பில் வந்தது. 1965இல் மணவாளக்குறிச்சி, சவறை ஆலைகளை ஏற்றுக்கொண்டது. இன்று ஊரார் ‘மணல் ஆலை’ என்று சொல்வது இந்த ஆலையைத்தான். ஆண்டுக்கு 90,000 டன் இல்மனைட், 10,000 டன் சிர்கான், 10,000 டன் கார்னெட், 3,500 டன் ரூட்டைல், 3,000 டன் மோனசைட் என்பது நிறுவனம் அறிவித்துள்ள உற்பத்தித் திறன்.

ஒரே மணலில் எது சரக்கு, எது கழிவு என்பதை மணல் முடிவு செய்யவில்லை. காலத்தின் தேவையும் கையிலிருந்த கருவியும் சேர்ந்து முடிவு செய்தன. இந்த உண்மையை மனத்தில் வைத்தே ஆலையின் இன்றைய பிரிப்பு முறையைப் பார்க்க வேண்டும்.

4. ஆலை கேட்கும் கேள்விகள்

உப்பும் சிப்பியும் நீக்கிச் சலித்த மணலிடம் ஆலை வரிசையாகச் சில கேள்விகளைக் கேட்கிறது. வரிசை ஆலைக்கு ஆலை மாறலாம், கேள்விகள் மாறுவதில்லை.

முதல் கேள்வி அடர்த்தி. ஐரா ஹம்ஃப்ரீஸ் 1940களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருவாக்கிய சுருள் பிரிப்பானில், மணலும் நீரும் கலந்த குழம்பு திருகுப்படி போன்ற தொட்டியில் சுற்றிச் சுற்றி இறங்குகிறது. வேகமாக ஓடும் மேல்நீர் இலேசான குவார்ட்சை வெளிவிளிம்புக்குத் தள்ளுகிறது. அடியில் மெல்ல ஊரும் கனமணி உள்விளிம்பில் சேர்கிறது. ஓடும் உறுப்பே இல்லாத இக்கருவி உலகெங்கும் கடற்கரை மணல் ஆலைகளின் முதல் படியாயிற்று. நுண்ணிய வேறுபாடுகளுக்கு அதிர்வு மேசைகள் உண்டு. ஆர்தர் வில்ஃப்ளி 1890களில் கொலராடோவில் அமைத்த மேசையின் வழித்தோன்றல்கள் அவை.

இரண்டாம் கேள்வி மின்கடத்தல். மணலை நன்றாக உலர்த்திச் சூடேற்றிய பிறகே இதைக் கேட்க முடியும். ஈரம் இருந்தால் மணியின் மேல் படிந்த நீர்ப்படலமே மின்னைக் கடத்திவிடும். சுழலும் உலோக உருளையின் மேல் மெல்லிய அடுக்காக மணல் விழ, உயர்மின்னழுத்த முனை அதற்கு மின்னேற்றம் தருகிறது. இல்மனைட்டும் ரூட்டைலும் ஏற்றத்தை உடனே உருளைக்குக் கொடுத்துவிட்டுத் தெறித்து விழுகின்றன. சிர்கான், மோனசைட், கார்னெட், சில்லிமனைட், குவார்ட்ஸ் ஆகியவை ஏற்றத்தை விடாமல் உருளையோடு ஒட்டிச் சென்று, பின்புறம் தூரிகையால் தட்டிவிடப்படுகின்றன.

மூன்றாம் கேள்வி காந்தம். மின்கடத்தும் குவியலில் இல்மனைட் காந்தத்துக்கு இசையும், ரூட்டைல் இசையாது, இரண்டும் பிரிந்துவிடுகின்றன. கடத்தாத குவியலில் கார்னெட்டும் மோனசைட்டும் வெவ்வேறு வலிமையில் இழுபடுகின்றன. மோனசைட் காந்தத்துக்கு இசையக் காரணம் அதிலுள்ள நியோடிமியம் போன்ற அருமண் தனிமங்கள். 1980களில் உருவான நியோடிமியம்–இரும்பு–போரான் காந்தங்கள் மணல் பிரிக்கும் உருளைகளிலும் இடம்பெற்றன. மோனசைட் தரும் தனிமமே மோனசைட்டைப் பிரிக்கும் காந்தமாகத் திரும்பி வந்தது.

நான்காம் கேள்வி மேற்பரப்பு. மின்னுக்கும் காந்தத்துக்கும் அசையாத சிர்கான், சில்லிமனைட், குவார்ட்ஸ் ஆகியவற்றில் சிர்கானை அடர்த்தி பிரித்துவிடும். சில்லிமனைட்டையும் குவார்ட்சையும் பிரிக்க நுரைமிதப்பு முறை உதவுகிறது. கொழுப்பு அமிலச் சோப்பு சில்லிமனைட்டின் மேற்பரப்பில் படிந்து அதை நீர் ஒட்டாததாக்க, காற்றுக்குமிழ்கள் அதைச் சுமந்து மேலே கொண்டுவருகின்றன. குவார்ட்ஸ் அடியில் தங்குகிறது.

எல்லாக் கேள்விகளும் முடிந்தபின் கடைசியில் நிற்பது இந்தக் குவார்ட்ஸ்தான். ஆலையின் கணக்கில் அதற்கு ஒரே பெயர்: கழிவு மணல்.

5. குவார்ட்சின் இரு கைகள்

அந்தக் கழிவுக்குள் இன்னொரு பிரிவினை இருக்கிறது. சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த நான்முகிகள் குவார்ட்ஸ் படிகத்தில் திருகுப்பாதையில் அடுக்கப்பட்டுள்ளன. சில படிகங்களில் அந்தத் திருகு வலமாகவும் சிலவற்றில் இடமாகவும் சுழல்கிறது. வலக்கையும் இடக்கையும் போல ஒன்று மற்றொன்றின் ஆடிப்பிம்பம்; இந்த வலமிடத் தன்மையே படிகத்தின் ‘கை’. எப்படித் திருப்பினாலும் ஒன்றின் மேல் மற்றொன்று பொருந்தாது.

குவார்ட்ஸ் ஒளியின் அலைவுத் தளத்தைச் சுழற்றுவதை அராகோ 1811இல் பாரிசில் கண்டார். சில படிகங்கள் வலப்பக்கமும் சில இடப்பக்கமும் சுழற்றுவதை அடுத்த ஆண்டுகளில் பியோ காட்டினார். 1820 வாக்கில் இங்கிலாந்தில் ஜான் ஹெர்ஷல் ஓர் அரிய தொடர்பைக் கண்டறிந்தார்: படிகத்தின் ஓரத்தில் சாய்வாக அமையும் சிறுமுகங்கள் எந்தப் பக்கம் இருக்கின்றனவோ, அந்தப் பக்கமே ஒளியும் சுழல்கிறது. படிகத்தின் உள்ளமைப்பில் உள்ள சுழற்சி வெளிவடிவிலும் எழுதப்பட்டிருக்கிறது என்பதற்கு அதுவே முதல் சான்று. 1950களில் குவார்ட்சின் ஒளிச்சுழற்சி அலைநீளத்தோடும் வெப்பத்தோடும் எப்படி மாறுகிறது என்பதை ஆராய்ந்தவர்களுள், பின்னாளில் திரவப் படிக ஆய்வில் உலகப் புகழ்பெற்ற இந்திய இயற்பியலாளர் எஸ். சந்திரசேகர் ஒருவர்.

இயற்கையில் வலக் குவார்ட்சும் இடக் குவார்ட்சும் ஏறத்தாழச் சரிபாதியாகவே கிடைக்கின்றன. மணவாளக்குறிச்சியின் வெண்மணல் ஒவ்வொரு பிடியிலும் இரண்டும் கலந்தது என்று கொள்ளலாம். அந்தப் பிடியை ஆலையின் நான்கு கேள்விகளிலும் வைத்துப் பார்த்தால், வலமும் இடமும் ஒரே விடையையே தருகின்றன. இரண்டுக்கும் அடர்த்தி 2.65, இரண்டும் மின் கடத்தா, காந்தத்துக்கு இரண்டும் ஒன்றுபோலவே, சாதாரணச் சோப்பு இரண்டின் மேற்பரப்பையும் வேறுபடுத்தாது. அடர்த்தி, கடத்துதிறன், காந்த ஏற்புத்திறன் ஆகியவை வலமிடச் சுழற்சி இல்லாத அளவுகள். ஆடிப்பிம்பத்தில் அவை மாறுவதில்லை. ஆகவே அவற்றை மட்டும் அளக்கும் எந்திரத்தை எத்தனை நுட்பமாகச் செய்தாலும், வலத்தையும் இடத்தையும் அது ஒன்றாகவே காணும்.

விளைவில் தோன்றும் சமச்சீரின்மை காரணத்தில் எங்காவது இருந்தாக வேண்டும் என்று பியர் க்யூரி 1894இல் வகுத்த விதி இங்கே வழிகாட்டுகிறது. வலத்தையும் இடத்தையும் பிரிக்க வேண்டுமானால், அவை இரண்டும் வேறுவேறாக எதிர்வினை செய்யக்கூடிய திசையமைப்பு கருவியில் இருக்க வேண்டும்.

6. கண்ணும் கையும் பிரித்தவை

சுழற்சியைக் கண்டு பிரித்த வழக்கம் நமது கடலில் பழமையானது. மன்னார் வளைகுடாவில் முக்குளிப்போர் எடுக்கும் சங்குகளில் மிகப் பெரும்பாலானவை ஒரே பக்கம் சுருண்டவை. எதிர்ப்பக்கம் சுருண்ட வலம்புரி மிக அரிது. சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் சங்கு பற்றி வெளியிட்ட நூல், அந்தத் தொழிலின் முறைகளையும் வலம்புரியின் மதிப்பையும் பதிவு செய்திருக்கிறது. தூத்துக்குடியில் சங்குகளை அளக்கத் துளையிட்ட மரப்பலகை ஒன்று பயன்பட்டது. துளை வழியே நுழைந்து வெளிவரும் சங்கு சிறியதென்று ஒதுக்கப்பட்டது. அந்தப் பலகை எளிய எந்திரம். அது கேட்பது பருமன் ஒன்றையே. ஒரே பருமனுள்ள வலம்புரியும் இடம்புரியும் அந்தத் துளையில் ஒரே விதமாக நுழையும். வலம்புரியை அடையாளம் கண்டது முக்குளிப்பவரின் கண்ணும் கையும்தான்.

ஐரோப்பிய அறிவியலிலும் வலமிடத்தின் முதல் பிரிப்பு கையால்தான் நடந்தது. 1848இல் பாரிசில் இளம் லூயி பாஸ்டர், ஒளியைச் சுழற்றாத பாராடார்டாரிக் அமிலத்தின் சோடியம்–அம்மோனியம் உப்பைப் படிகமாக்கி, அதில் இருவகைப் படிகங்கள் இருப்பதைக் கண்டார். சிறுமுகங்கள் சிலவற்றில் வலப்பக்கமும் சிலவற்றில் இடப்பக்கமும் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி இரு குவியலாக்கிக் கரைத்தபோது, ஒரு கரைசல் ஒளியை வலமும் மற்றது இடமும் சுழற்றியது. முதியவரான பியோ நம்பவில்லை; தம் முன்னிலையிலேயே அதை மீண்டும் செய்ய வைத்தார். பாஸ்டர் செய்து காட்டினார். குவார்ட்சில் ஹெர்ஷல் கண்ட முகத்தொடர்பே பாஸ்டருக்கு வழியைத் திறந்தது.

பாஸ்டரின் முறை மணலுக்கு எட்டாது என்பதை ஒரு கணக்கு காட்டும். 0.2 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள குவார்ட்ஸ் மணிகள் ஒரு கிராமில் ஏறத்தாழ 90,000 இருக்கும். ஒரு மணிக்கு ஒரு நொடி என்றாலும், ஒரு கிராமைப் பிரிக்க ஒருவர் 25 மணி நேரம் இடைவிடாது உழைக்க வேண்டும். அதற்கும் முன்னதாக வேறொரு தடை இருக்கிறது: ஆறும் அலையும் உருட்டித் தேய்த்த மணியில் அந்தச் சிறுமுகங்களே மிஞ்சுவதில்லை. முகம் அழிந்த மணியின் கையை வெறுங்கண் அறியாது. ஒளிச்சுழற்சியால் அறியலாம், ஆனால் மஞ்சள் சோடிய ஒளியில் ஒரு மில்லிமீட்டருக்கு 21.7 பாகை என்ற கணக்கில், 0.2 மில்லிமீட்டர் மணி சுழற்றுவது 4 பாகைக்குச் சற்று மேல்தான். அதுவும் ஒளி படிகத்தின் முதன்மை அச்சின் வழியே சென்றால் மட்டுமே.

7. எந்திரம் வலமிடம் அறிந்த வரலாறு: 1978 முதல்

வேதியியல் ஆய்வகங்கள் வலமிடக் கலவையைப் பிரிக்கப் பெரும்பாலும் வேதிமுறைகளையே நம்பின. வேதிப்பொருளின் துணையில்லாமல், அசைவை மட்டுமே கொண்டு பிரிக்க முடியுமா என்ற கேள்வி 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் கூர்மை பெற்றது. 1978இல் சோவியத் ரஷ்யாவின் பரனோவாவும் செல்டோவிச்சும், சுழலும் மின்புலத்தில் திருகுவடிவத் துகள்கள் கப்பலின் உந்துவிசிறிபோல் நகரும் என்றும், வலமும் இடமும் எதிரெதிர்த் திசையில் போகும் என்றும் கணித்தனர். அந்த உந்துவிசிறி விளைவை, நுண்ணிய திருகுத் துகள்களைக் கொண்டு ஜெர்மனியில் பியர் ஃபிஷரின் குழு 2013இல் சோதனையில் காட்டியது.

மணல் தொழிலுக்கு மிக நெருங்கிய கோட்பாடு 1999இல் வந்தது. நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு இயற்பியலாளர் பியர்-ஜில் தெ ஜென், சாய்தளத்தில் உராய்ந்து சறுக்கும் சிறு படிகங்களைக் கருதினார். இறங்கும் திசை ஒன்று. தளத்துக்குச் செங்குத்தான திசை மற்றொன்று. இவ்விரண்டும் நிலைபெற்றால் மூன்றாவது திசையான பக்கவாட்டைப் படிகத்தின் வடிவமே தேர்ந்தெடுக்கும். வலவடிவம் ஒரு பக்கமும் இடவடிவம் எதிர்ப்பக்கமும் ஒதுங்கும். க்யூரியின் விதியும் இதனால் மீறப்படுவதில்லை. தளம் எந்தப் பக்கத்தையும் விரும்பவில்லை, பக்கத்தைத் தருவது துகளின் கை.

2009இல் மார்கோஸ், ரோமன் ஸ்டாக்கர் முதலியோர், நுண்குழாயில் அடுக்கடுக்காக வெவ்வேறு வேகத்தில் ஓடும் நீரில் திருகுவடிவ லெப்டோஸ்பைரா பாக்டீரியாக்கள் பக்கவாட்டில் ஒதுங்குவதைக் காட்டினர். ஓட்டத்தின் திசை, வேகம் மாறும் திசை, திருகின் சுழற்சி ஆகிய மூன்றும் சேர்ந்தே அந்த ஒதுக்கத்தைத் தருகின்றன. 2013இல் பெச்சிங்கரின் குழு சுருளோட்டத்தில் கைத்தன்மையுள்ள நுண்துகள்களைப் பிரித்தது.

உலர்ந்த துகள்களிலும் இந்தத் தேடல் நடந்தது. 2005இல் அமெரிக்காவில் கோலப், லுபென்ஸ்கி முதலியோர், வளைந்த கம்பித் துண்டுகளை அதிரும் தட்டில் இட்டபோது அவை தம் கைக்கேற்ப ஒரே திசையில் சுழலத் தொடங்குவதைக் கண்டனர். 2018இல் ஜெர்மனியில் ஷோல்ஸ், பெஷல் முதலியோர், அதிர்வால் எதிரெதிர்ப் பக்கம் சுழலும் சிறு எந்திரங்களைக் கலந்து விட்டபோது, ஒரே பக்கம் சுழல்பவை தாமாகவே ஒன்றுகூடித் தனித்தனித் தொகுதிகளாகின. பிரிப்பதற்குப் பதிலாக ஒரு கையையே வளர்க்கும் வழியும் உண்டு. 1990இல் திலீப் கொண்டேபுடி குழு, சோடியம் குளோரேட் கரைசலைக் கலக்கிக்கொண்டே படிகமாக்கியபோது ஏறத்தாழ எல்லாப் படிகங்களும் ஒரே கையாயின. 2005இல் ஸ்பெயினின் கிரிஸ்டோபல் வியெத்மா, இரு கைப் படிகங்களும் கலந்த குழம்பைக் கண்ணாடி மணிகளோடு அரைத்துக் கலக்கியே ஒரே கைக்கு மாற்றினார்.

8. நாஞ்சில் மணலுக்கு இது பொருந்துமா?

இந்த வரலாற்றை மணவாளக்குறிச்சியின் அருகில் வைத்துப் பார்க்கும்போது ஒரு வியப்பு எழுகிறது. தெ ஜென் கேட்ட சாய்தளம் ஆலையில் அதிர்வு மேசையாகவும், பெச்சிங்கர் கேட்ட சுருளோட்டம் சுருள் பிரிப்பானாகவும் பல்லாண்டுகளாக வேலை செய்கின்றன. சுருள் பிரிப்பானே கையுள்ள கருவி. அதை வலச்சுழற்சியாகவும் இடச்சுழற்சியாகவும் செய்யலாம். அடர்த்திப் பிரிப்புக்கு இரண்டும் ஒன்றே.

கருவியில் கை இருந்தும் குவார்ட்ஸ் ஏன் பிரியவில்லை? காரணம் மணியின் வெளிவடிவம். நீரோட்டமும் உராய்வும் தொட்டறிவது வடிவத்தை மட்டுமே. குவார்ட்சின் கை இருப்பது அணுவடுக்கில். முகங்கள் கூர்மையாக இருக்கும் படிகத்தில் அணுவடுக்கு வெளிவடிவில் வெளிப்படும். தேய்ந்த மணியில் அந்தத் தொடர்பு அறுந்துவிடுகிறது. ஒவ்வொரு மணியும் ஒழுங்கற்ற வடிவால் சற்றே வலமாகவோ இடமாகவோ இருக்கலாம். ஆனால் அந்த வெளிக்கைக்கும் உட்கைக்கும் உறவில்லை. மேலும் இரு கைகளும் ஒரே படிகத்துக்குள் இணைந்து வளரும் பிரேசில் இரட்டையமைப்பு குவார்ட்சில் பரவலானது. அத்தகைய மணிக்கு ஒரே கை என்பதே கிடையாது.

எனவே உறுதியாகச் சொல்லக்கூடியது இது: இன்று அறியப்பட்ட அசைவுமுறைக் கருவிகளால் மணவாளக்குறிச்சியின் கடற்கரைக் குவார்ட்சை வலமிடமாகப் பிரிக்க முடியாது. அதை இயலாமையாகக் கொண்டு விட்டுவிடுவதைவிட, எல்லையின் வரையறையாகக் கொள்வதே பயன்தரும். முகங்கள் தேயாத படிகத் துகள்களில் பக்கவாட்டு ஒதுக்கத்தை அளப்பதும், அதே படிகங்களைப் படிப்படியாகத் தேய்த்து எந்தக் கட்டத்தில் ஒதுக்கம் மறைகிறது என்று பார்ப்பதும் பெரும்பொருள் வேண்டாத சோதனைகள். சாய்தளம், அதிர்வி, துருவமாக்கிய ஒளி நுண்ணோக்கி ஆகியவை ஒரு கல்லூரி ஆய்வகத்துக்குள் அடங்கும். கனமணல் பிரிப்பில் நூறாண்டு அனுபவம் சேர்ந்த மாவட்டத்தில் அத்தகைய சோதனைகளைச் செய்வதற்கு இயல்பான தகுதி இருக்கிறது.

முடிவுரை

இந்த ஆய்விலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவது, மணவாளக்குறிச்சியின் வரலாறு புதிய கனிமங்களைக் கண்டுபிடித்த வரலாறு என்பதைவிட, புதிய வேறுபாடுகளைப் பயன்படுத்தக் கற்ற வரலாறு. அலை அடர்த்தியைப் பயன்படுத்தியது. வெதரிலின் காந்தம் மெல்லிய காந்த ஏற்பையும், உயர்மின்னழுத்த உருளை கடத்தலையும், நுரை மேற்பரப்பையும் பயன்படுத்தின. ஒவ்வொரு வேறுபாடும் மணலில் என்றும் இருந்ததே. அதைக் கேட்கும் கருவி வந்தபோதுதான் அது பொருளாயிற்று.

இரண்டாவது, வலமிட வேறுபாடு மற்றவற்றின் வரிசையில் அடுத்தது அல்ல; தன்மையிலேயே தனி. மற்ற நான்கும் எவ்வளவு என்ற கேள்விக்கு விடைகள். வலமும் இடமும் எப்பக்கம் என்ற கேள்விக்கு விடைகள். அதற்குத் திசைகளால் ஆன கருவியும், தன் கையை வெளிவடிவில் காட்டும் துகளும் ஆகிய இரண்டும் வேண்டும். இதில் துகளின் பங்கைக் கணக்கில் எடுக்காமல் கருவியை மட்டும் செப்பனிடுவது பயனற்றது.

மூன்றாவது, கழிவு என்ற சொல்லைத் தொழிலும் ஆட்சியும் எச்சரிக்கையோடு கையாள வேண்டும். 1910களில் இல்மனைட் கழிவு. 1930களில் அதுவே சரக்கு. பிரிப்பு பொருளைச் செறிவாக்குகிறது. அதோடு மோனசைட்டின் கதிரியக்கத்தையும் செறிவாக்குகிறது. எனவே எதை எங்கே சேர்க்கிறோம், மிச்சத்தை எங்கே கொட்டுகிறோம் என்பது தொழில்நுட்பக் கணக்கோடு முடிந்துவிடுவதில்லை. சின்னவிளை, பெரியவிளை, கடியபட்டணம், மிடாலம் போன்ற கரையோர ஊர்களின் வாழ்வோடு கலந்த கணக்கு அது. மணலை எடுப்பவர், ஒவ்வொரு பிரிவின் அளவையும் அதன் கதிரியக்க அளவையும் அந்த ஊர்களின் முன் திறந்து வைக்கக் கடமைப்பட்டவர். ஒரு மணியையும் மற்றொரு மணியையும் இத்தனை நுட்பமாக வேறுபடுத்தத் தெரிந்த அறிவால், அந்தக் கணக்கை வெளிப்படையாக எழுதவும் நிச்சயம் முடியும்.